ஒகேனக்கல்லின் பெயரில் ஒளிந்திருக்கும் நினைவுக் கொக்கி

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லின் பெயர் கன்னடத்திலிருந்து வந்தது. 'ஹொகெ' என்றால் புகை, 'கல்லு' என்றால் கல். பாறையில் மோதிய நீர் திவலைகளாகச் சிதறிப் புகைபோல் எழுவதையே அப்பெயர் சொல்கிறது. 'புகை', 'ஹொகெ' என்று இரண்டையும் அடுத்தடுத்து உச்சரித்துப் பார்த்தால், கன்னடம் கற்க விரும்பும் தமிழருக்கு மிகச் சிறந்த நினைவுக் கொக்கி ஒன்று கிடைத்துவிடும்.

பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் இடைக்காலத்தில் ஹகரமாக மாறியது. அதனால்தான் பால் 'ஹாலு' என்றும், புலி 'ஹுலி' என்றும், பல் 'ஹல்லு' என்றும், பத்து 'ஹத்து' என்றும் ஆயின. தமிழில் சொல்லின் முதலில் வரும் வகரமோ அங்கே 'பஸ்' என்பதில் ஒலிக்கும் பகரமாகிறது: வெல்லம் 'பெல்ல', வெண்ணெய் 'பெண்ணெ'. இவ்விரு விதிகளையும் அறியாதவர் 'பெண்ணெ' என்பதைப் பெண் என்றே எண்ணிவிடுவார். பெண்ணுக்குரிய சொல் 'ஹெண்ணு'. வடமொழியிலிருந்து வந்த 'புஸ்தக' போன்ற சொற்கள் இந்த மாற்றத்துக்கு உட்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பல சொற்கள் சேர்ந்து வருவதற்குக் காரணம், புதிய செய்தி ஏற்கெனவே அறிந்த ஒன்றோடு பிணையும்போதுதான் மூளை அதை எளிதில் மீட்டெடுக்கிறது என்பதே.

இத்தகைய உறவு தென்படாத சொற்களுக்குப் பிணைப்பை நாமே உண்டாக்க வேண்டும். பூனைக்குக் கன்னடத்தில் 'பெக்கு' என்று பெயர். ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு மாணவியின் 'பேக்' திறந்திருக்க, அதிலிருந்து பூனை ஒன்று தலையை நீட்டுவதாகக் கற்பனை செய்துகொண்டால், ஒலி பையை நினைவூட்டும், பை பூனையை நினைவூட்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் அட்கின்சனும் மைக்கேல் ராஃபும் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், 120 ரஷ்யச் சொற்களை இம்முறையில் மூன்று நாள் கற்றவர்கள் அடுத்த நாள் 72 விழுக்காட்டுக்குப் பொருள் சொன்னார்கள். கொக்கியின்றிக் கற்றவர்கள் 46 விழுக்காட்டுக்கே சொன்னார்கள். ஆனால் ஆறு வாரங்களுக்குப் பின் அந்த அளவுகள் முறையே 43, 28 எனக் குறைந்திருந்தன. கொக்கி பெரிதும் உதவுகிறது, ஆயினும் அது மட்டும் மறதியைத் தடுத்துவிடாது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மறதியைத் தடுப்பது, சொல்லை நாமே முயன்று நினைவிலிருந்து வெளிக்கொணரும் பயிற்சி. உளவியலாளர்களான கார்பிக்கியும் ரோடிகரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்றனர். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லிலும் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். சரியாகச் சொன்ன சொற்களில் மீண்டும் சோதிக்கப்படாதவர்கள், அச்சொற்களைத் தொடர்ந்து படித்திருந்தபோதிலும், சுமார் 35 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தார்கள். சொற்பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் உண்டாகும் 'தெரிந்துவிட்டது' என்ற உணர்வை அதனால் நம்பலாகாது. விடையை மூடிவைத்து, ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே தன்னைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வியின் திசையையும் மாற்ற வேண்டும். 'பெக்கு' என்ற ஒலியைக் கேட்டுப் பூனையை அடையத்தான் பை உதவுகிறது. பூனையைப் பார்த்ததும் 'பெக்கு' என்று சொல்ல அந்த அளவுக்கு உதவாது. ஆகையால் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்து கன்னடத்தில் பேச வேண்டியவர், ஒருபுறம் தமிழும் மறுபுறம் கன்னடமும் எழுதிய அட்டையின் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக் கன்னடச் சொல்லை வாய்விட்டுச் சொல்லியும் பழக வேண்டும்.