தோசைக்கல்லில் சுட்ட புல்லி

சத்துவாச்சாரியில் மச்சான் வீட்டு வாசல். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்கே பானட் தகட்டில் கைவைக்க முடியவில்லை. மச்சான் ஒரு சின்ன இரும்புச் சக்கரத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். வெளிநாட்டிலிருந்து தருவித்த சூப்பர்சார்ஜர் புல்லி. காரில் இருப்பது 70 மில்லிமீட்டர் விட்டம், இது 60. "இதை மாத்தினா வண்டி பிச்சுக்கிட்டு போகும் மாமா" என்றான்.

காபி கொண்டுவந்த அத்தைக்குச் சந்தேகம். "சின்னது போட்டா எப்படி வேகம் கூடும்? பெருசு போட்டாத்தானே?"

திண்ணையில் அத்தையின் பழைய கால்மிதி தையல் மிஷின் இருந்தது. அதைக் காட்டினேன். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னது, நடுவே தோல் பெல்ட். கீழ்ச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் மேல் சக்கரம் நாலைந்து முறை சுற்றும். மேலே இருப்பதை இன்னும் சின்னதாக்கினால் ஊசி இன்னும் வேகமாகக் குத்தும். அத்தைக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்து அவர் கேட்டதுதான் அன்றைய நாளின் முக்கியமான கேள்வி: "அப்ப நூல் அறுந்துடாதா?"

அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் புல்லி எதைச் சுழற்றுகிறது என்று பார்த்துவிடலாம்.

பெட்ரோல் இன்ஜினின் சக்தி பெட்ரோலில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டுவது சுலபம், பெரிய இன்ஜெக்டர் போட்டால் ஆயிற்று. காற்றுதான் கஞ்சத்தனம் செய்யும். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் தானாக நுழையும் காற்றுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டிக் காற்றைத் திணிக்கும் துருத்திதான் சூப்பர்சார்ஜர். டர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சுழற்றுவது புகைக்குழாயில் வெளியேறும் சூடான வாயு. சூப்பர்சார்ஜரை, பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜினின் முக்கிய அச்சான கிராங்க்ஷாஃப்டே பெல்ட் வழியாக நேரடியாகச் சுழற்றுகிறது. அதனால்தான் இதில் புல்லி என்று ஒன்று இருக்கிறது, மாற்றிப்பார்க்கும் ஆசையும் வருகிறது.

துருத்தி என்று சொன்னது வெறும் உவமை இல்லை. மச்சான் காரில் இருப்பது ரூட்ஸ் வகை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860களில் உருவாக்கியது. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊத அது பயன்பட்டது. 1885இல் காட்லீப் டைம்லர் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். 1921இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் தன் சூப்பர்சார்ஜர் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. நம் பக்கம் இராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலையில் அனல்மின் நிலையக் கொதிகலன்களுக்குக் காற்று ஊதும் ராட்சத விசிறிகள் தயாராகின்றன. அளவும் அமைப்பும் வேறு, நோக்கம் ஒன்றுதான்: எரிகிற இடத்துக்குக் கூடுதல் காற்று.

ரூட்ஸ் வகையைப் பற்றிப் பலரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. அது காற்றை உள்ளே வைத்து நசுக்குவதில்லை. முறுக்கிய மடல்கள் கொண்ட இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுற்றும். மடலுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்றை அப்படியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தூக்கிக் கொட்டும். வடஆற்காட்டுக் கிராமங்களில் முன்பு கவலை இறைத்தவர்களைக் கேளுங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள். தோல்சால் தண்ணீரை அழுத்துவதில்லை, மொண்டு தொட்டியில் ஊற்றுகிறது, அவ்வளவுதான். வாய்க்கால் இழுப்பதைவிட அதிகமாக ஊற்றினால் தொட்டியில் தண்ணீர் ஏறி நிற்கும். இன்ஜின் குடிப்பதைவிட அதிகமாகக் காற்றைக் கொட்டினால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறி நிற்கும். மச்சான் "பூஸ்ட்" என்று பெருமையோடு சொல்வது, இன்ஜின் குடிக்க முடியாமல் விட்ட மிச்சம்.

இப்போது கணக்கு. ஈட்டன் நிறுவனத்தின் எம்45 என்ற பிரபலமான சூப்பர்சார்ஜரை எடுத்துக்கொள்வோம். 45 என்பது கன அங்குலம். ஒரு சுற்றுக்கு அது தூக்கிக் கொட்டுவது சுமார் 0.74 லிட்டர் காற்று. 1.8 லிட்டர் நான்கு வீச்சு இன்ஜின் தன் முழு அளவைக் குடிக்கக் கிராங்க் இரண்டு சுற்று சுற்றவேண்டும், ஆக ஒரு சுற்றுக்கு 0.9 லிட்டர். கிராங்க் புல்லி 140 மில்லிமீட்டர், சூப்பர்சார்ஜர் புல்லி 70 என்று வைத்தால், கிராங்க் ஒருமுறை சுற்றும்போது சூப்பர்சார்ஜர் இரண்டு முறை சுற்றும்: 1.48 லிட்டர். 60 மில்லிமீட்டர் புல்லி போட்டால் 2.33 முறை: 1.72 லிட்டர். உருளைகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று பின்னால் கசியும் என்றாலும், முன்பைவிட நிச்சயம் அதிகம்.

கடைக்காரர்கள் விளம்பரத்தில் ஒரு சின்னக் குழப்பமும் உண்டு. 70லிருந்து 60 என்பது விட்டத்தில் 14 சதவீதக் குறைவு. வேகத்தில் கூடுவதோ 14 இல்லை, 17 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் இங்கே நடப்பது வகுத்தல். இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது 12,000 சுற்றிக்கொண்டிருந்த புல்லி இனி 14,000 சுற்றும். ஒவ்வொரு சூப்பர்சார்ஜருக்கும் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வேகம் உண்டு. அதைத் தாண்டுகிறதா என்று பார்க்காமல் புல்லி வாங்குவது முட்டாள்தனம்.

புல்லியை உள்ளூரிலேயே கடைந்துகொள்ளலாமே என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. லேத் பட்டறை அண்ணன் மறுத்துவிட்டார். "கடைஞ்சு குடுத்துடலாம் தம்பி, பேலன்ஸ் யாரு பாக்கறது?" அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. 60 மில்லிமீட்டர் புல்லியின் விளிம்பில் ஒரு பக்கம் ஒரே ஒரு கிராம் கூடுதலாக இருந்தால், 14,000 சுற்றில் அது அச்சைச் சுமார் ஆறரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். அதுவும் நொடிக்கு 233 தடவை திசை மாறி மாறி. பேரிங் எத்தனை நாள் தாங்கும்?

சரி, வேலைக்கு வருவோம். பேட்டரி ஒயரைக் கழற்றினோம். பெல்ட் எந்த வழியாக எந்தப் புல்லியைச் சுற்றிப் போகிறது என்று மொபைலில் படம் எடுத்தோம். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை உருவினோம். பழைய புல்லியின் முகம் சூப்பர்சார்ஜர் உடம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வெர்னியர் அளவுகோலால் அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தோம். இது மறக்கக்கூடாதது. புதுப் புல்லி அதே கோட்டில் உட்காரவில்லையென்றால் பெல்ட்டின் பள்ளங்கள் ஒரு ஓரமாக ஏறித் தேயும்.

புல்லியைப் பிடித்து நிறுத்தும் போல்ட் எதுவும் இல்லை. அச்சைவிடத் துளை ஒரு துளி சின்னது, அந்த இறுக்கத்திலேயே அது நிற்கிறது. பட்டறைக்காரர்கள் பிரஸ் ஃபிட் என்பார்கள். 17 மில்லிமீட்டர் அச்சில் வெறும் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட, சுத்தியால் அடித்தாலொழிய அசையாது. இங்கே சுத்தியை எடுக்கவும் கூடாது. உள்ளே உருளைகள் காகிதம் நுழையும் இடைவெளியில் சுற்றுபவை, அந்த இடைவெளியைக் காப்பவை பல்சக்கரங்களும் பேரிங்குகளும். ஒரு அடியில் மொத்தமும் பாழ். புல்லியை அச்சிலிருந்து இழுத்தெடுக்க, லேத் அண்ணனிடம் இரவல் வாங்கிய புல்லரை மாட்டித் திருகினோம். திருக ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்பேனர் நகரவில்லை. மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு கால் சுற்று சுற்றினான். "டங்" என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். புல்லி அரை நூல் முன்னால் வந்திருந்தது.

புதியதை ஏற்றுவதற்கு வழி சூடு. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும்போது, வறட்டி நெருப்பில் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்களே, அதே வித்தை. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இரும்புப் பட்டை 400 டிகிரி சூடேறினால் விட்டம் ஏழு மில்லிமீட்டர் விரியும். எங்களுடைய 17 மில்லிமீட்டர் துளை 160 டிகிரி சூடேறினால் விரிவது 0.03 மில்லிமீட்டர். இறுக்கமான 0.02ஐக் கழித்தால் கையில் மிஞ்சுவது 0.01. துளை என்பதால் சுருங்கும் என்று சிலர் நினைப்பார்கள். இல்லை, உலோகம் விரியும்போது துளையும் கூடவே விரியும்.

வீட்டில் ஓவன் இல்லை. தோசைக்கல் இருந்தது. "மாப்பிள்ளை, அது பழகின கல்லு" என்று அத்தை முனகினார், ஆனாலும் கொடுத்தார். கல் எவ்வளவு சூடு என்று பார்க்க அவரே தண்ணீர் தெளித்தார். முதலில் சுருசுருவென்று ஆவியானது. கொஞ்ச நேரம் கழித்துத் தெளித்தபோது துளிகள் முத்துபோல உருண்டு ஓடின. துளிக்கு அடியில் நீராவி மெத்தை உருவாகிவிட்டது என்று அர்த்தம். ஏறக்குறைய 200 டிகிரி வந்துவிட்டது. தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை. புல்லியைக் கல்லில் வைத்து, மேலே பாத்திரம் கவிழ்த்து இருபது நிமிடம் விட்டோம். அந்த நேரத்தில் அச்சின் மேல் ஐஸ் கட்டிப் பொட்டலம். கனத்த தோல் கையுறையோடு மச்சான் எடுத்துவந்து அச்சில் வைத்தான். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வெர்னியர் சொன்ன இடத்தில் நான்கு நொடி பிடித்திருந்தான், அவ்வளவுதான். அச்சு சூட்டை உறிஞ்சிக்கொண்டது, புல்லி பிடித்துக்கொண்டது. ஐந்தாவது நொடியில் நகர்த்தப் பார்த்தேன், மலை மாதிரி நின்றது.

அடுத்த தப்பு எங்களுடையது. பெல்ட். புல்லியின் விட்டம் 10 மில்லிமீட்டர் குறைந்து, பெல்ட் அதைப் பாதி சுற்றிப் போகிறது என்றால், சுமார் 15 மில்லிமீட்டர் பெல்ட் மிச்சமாகும். டென்ஷனர் பார்த்துக்கொள்ளும் என்று பழைய பெல்ட்டையே மாட்டினோம். ஏசி போட்டதும் நாய்க்குட்டி மாதிரிக் கத்தியது. கறுப்புத் தூள் வேறு.

நீளம் மட்டும் காரணம் இல்லை. எங்கள் பக்கத்தில் மாடு விடும் விழாவில் முரட்டுக் காளையை நிறுத்துகிறவர் அதனோடு மல்லுக்கட்டமாட்டார், கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றிவிடுவார். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால், ஒரு சுற்றில் உங்கள் பிடி 6.6 மடங்காகும், இரண்டாவது சுற்றில் 43 மடங்கு. சுற்றும் கோணம் கொஞ்சம் கூடினால் பிடி பெருக்கல் கணக்கில் கூடும், கொஞ்சம் குறைந்தால் அதே வேகத்தில் விழும். புல்லி சின்னதாகும்போது பெல்ட் அதைத் தழுவும் கோணமும் சற்றுக் குறைகிறது, இழுக்கவேண்டிய பளுவோ கூடுகிறது. மறுநாள் 15 மில்லிமீட்டர் குட்டையான பெல்ட் வாங்கிப் போட்டதும் சத்தம் நின்றது.

இனி அத்தையின் நூல். காற்றை அழுத்தினால் சூடாகும், சைக்கிள் பம்பின் அடி சுடுவது போல. வேலூர் வெயிலில் 40 டிகிரியில் உள்ளே போகும் காற்று, ரூட்ஸ் வகையின் சுமார் 60 சதவீதத் திறனில் ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏறினால், 104 டிகிரியில் வெளியே வரும். 1.7 மடங்கு என்றால் 125 டிகிரி. இந்தக் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் சூட்டில் பெரும்பகுதியை எடுத்துவிடும், ஆனால் அதன் மேல் படும் காற்றே 40 டிகிரி. அதற்குக் கீழே குளிர்விக்க அதனால் முடியாது. பூஸ்ட் கேஜ் காட்டுவதில் ஒரு பங்கு கூடுதல் காற்று, இன்னொரு பங்கு வெறும் சூடு. அடைபட்ட இடத்தில் சூடும் அழுத்தமாகத்தான் தெரியும், குக்கரில் போல.

சூடான காற்றும் பெட்ரோலும் சேர்ந்தால் ஸ்பார்க் தொடங்கிய தீ வந்து சேர்வதற்குள் மூலையில் தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். பிஸ்டனுக்கு இது சுத்தியடி. நவீன கார்களில் நாக் சென்சார் இதைக் கேட்டவுடன் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திவிடும். இன்ஜின் பிழைக்கும், புல்லி கொடுத்த சக்தியில் ஒரு பகுதி போய்விடும். அதுமட்டுமல்ல, சூப்பர்சார்ஜரைச் சுழற்றவே இன்ஜின் முன்பு பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது பதினாறுக்கு மேல். பெட்ரோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் புதிதாக டியூன் செய்யாமல் புல்லியை மட்டும் மாற்றுவது, என் பார்வையில், பாதி வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும், இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்வதையும் புல்லிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நாங்கள் பிறகுதான் பார்த்தோம்.

பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் மதியம் ஓட்டிப் பார்த்தான். ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். விடியற்காலையில் ஓட்டிப் பாரேன் என்றேன். 27 டிகிரிக் காற்று 41 டிகிரிக் காற்றைவிட நாலரை சதவீதத்துக்கு மேல் அடர்த்தி அதிகம். இண்டர்கூலருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும், ஸ்பார்க்கும் தன் நேரத்துக்கே இருக்கும். மறுநாள் வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு.

ஆம்பூரில் அவனுக்கு ஷூ கம்பெனி வேலை, ஒன்பதரைக்கு உள்ளே இருந்தால் போதும். இப்போதெல்லாம் ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறான்.