கெர்னல் என்றால் பருப்பு

களியக்காவிளையில் பாலிடெக்னிக்கில் கணினி படிக்கும் பையன் ஒருவன், பாடச் சொற்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டான்: “சாரே, கெர்னல் மோடுக்குத் தமிழில என்ன எழுத?” அவன் வீட்டு முற்றத்தில் கொல்லமாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை, காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

முந்திரி வியாபாரத்தில் பருப்புக்குப் பெயரே கெர்னல்தான். பழைய ஆங்கிலத்தில் தானியத்தைக் குறித்த ‘கார்ன்’ என்னும் சொல்லின் குறுமை வடிவம் அது; ‘சின்ன விதை’ என்று பொருள். எங்கள் பக்கத்து அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் பொள்ளிவிடும். ஓடு, அதற்குள் தொலி, அப்புறம்தான் பருப்பு. கணினியை நடத்தும் இயங்குதளத்தின் நடுப்பகுதிக்கும் கெர்னல் என்றே பெயர்; எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

ஒரு வேறுபாடு உண்டு. கணினியில் பருப்பைக் காக்கும் ஓடு செயலிக்குள்ளேயே, அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் வகைச் செயலியில் அதிகாரத்தைப் பிரிக்க 0 முதல் 3 வரை நான்கு வளையங்கள்; 0-க்கு அதிகாரம் அதிகம், 3-க்குக் குறைவு. லினக்ஸ், விண்டோஸ் இரண்டும் கெர்னலை 0-இலும் நம் நிரல்களை 3-இலும் ஓட்டுகின்றன. நடுவில் உள்ள இரண்டும் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. திருவனந்தபுரத்தில் உள்ள அரசுக் கணினி ஆய்வு மையமான சிடாக் வடிவமைத்த வேகா செயலிகள், ரிஸ்க்-ஃபைவ் என்னும் வேறொரு செயலி வடிவமைப்பின் வழி வந்தவை. அந்த வழியில் வளையம் என்ற பேச்சில்லை; பயனர், மேற்பார்வை, எந்திரம் என்று மூன்று நிலைகள்.

கெர்னலுக்குத் தமிழில் ‘கருனி’ புழங்குகிறது. கருவிலிருந்து பிறந்த சொல், கணினியோடு ஒலியும் ஒத்துப்போகிறது. பருப்பு என்றே எழுத எனக்கு ஆசைதான், ஆனால் ‘பருப்பு நிலை’ என்றால் சாம்பார்தான் நினைவுக்கு வரும். சரி, கருனி நிலை, பயனர் நிலை என்றே வைத்துக்கொள்வோம்.

அவன் அடுத்துக் கேட்டது விர்ச்சுவல் மெமரி. லத்தீனில் ஆற்றலைக் குறித்த ‘விர்தூஸ்’ இதன் வேர். உருவத்தில் இல்லாமல் பயனில் மட்டும் இருப்பது என்று பொருள் வளர்ந்தது. தமிழில் மெய்நிகர் நினைவகம். மெய் என்றால் உண்மை, உடம்பும் மெய்தான். உடம்பு இல்லாமலே உடம்புக்கு நிகராக நிற்பது! மூலச்சொல்லைவிட இது எனக்கு ஒரு படி மேலாகவே தோன்றுகிறது.

இது நடக்கும் விதம் எல்லையில் குடியிருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். களியக்காவிளையில் 7/112 என்று ஒரு வீடு இருந்தால், எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலையிலும் 7/112 இருக்கலாம். எண் ஒன்றுதான், வீடு வேறு. எந்தப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம். ஒவ்வொரு நிரலுக்கும் இப்படித் தனிப் பதிவேடு உண்டு. அதைப் பக்க அட்டவணை என்பார்கள். நினைவகத்தை வழக்கமாக 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, எந்த முகவரி எந்த இடம் என்று அதில் எழுதி வைக்கிறார்கள். நிரல் மாறும்போது கருனி செயலிக்குப் பதிவேட்டையும் மாற்றிக் கொடுக்கிறது. மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இதன் தொடக்கம் இருக்கிறது.

ஒரு நிரல் எட்டக்கூடிய முகவரிகள் அனைத்தும் சேர்ந்தது அட்ரஸ் ஸ்பேஸ். ‘முகவரி வெளி’ என்று எழுதுகிறார்கள். வெளி எல்லையற்றது, இதற்கோ அளவு உண்டு. ஆகவே ‘முகவரிப் பரப்பு’ என்பேன். முகவரிக்கு 32 பிட் ஒதுக்கிய கணினியில் அந்தப் பரப்பு 4 ஜிபி. லினக்ஸ் வழக்கமாக அதில் கீழ் 3 ஜிபியை நிரலுக்கு விட்டு, மேல் 1 ஜிபியைக் கருனிக்கு வைத்தது. நிரலின் பதிவேட்டிலேயே கருனியின் பக்கங்களும் இருக்கும், ஆனால் ‘பயனர் தொடக்கூடாது’ என்று ஒரே ஒரு பிட் காவல் நிற்கும். தொட்டால் செயலி உடனே கருனியைக் கூப்பிடும், கருனி நிரலை நிறுத்திவிடும். 2018 ஜனவரியில் வெளியே தெரிந்த மெல்ட்டவுன் என்னும் செயலிப் பாதுகாப்புக் குறை அந்தக் காவலையே தாண்டிப் படிக்க வழிவிட்டது. அதன்பின் அந்தக் குறையுள்ள செயலிகளில், பயனர் நிலையின் பதிவேட்டிலிருந்து கருனியின் பக்கங்களை ஏறக்குறைய முழுதாகவே எடுத்துவிட்டார்கள்.

எந்த நிலையில் எதைச் செய்யலாம் என்னும் உரிமையைக் குறிக்கும் பிரிவிலேஜ் என்பதற்குப் பையன் நோட்டில் ‘சலுகை’ என்று இருந்தது. மாணவர் பஸ் பாஸ் சலுகை. கட்டளையை ஓட்ட விடுவதும் மறுப்பதும் சலுகை ஆகாது. அதை அடித்துவிட்டு ‘அதிகார நிலை’ என்று எழுதச் சொன்னேன்.