மணிக்கட்டு முறிவு: கத்தி வைக்காமல் குணமாக்கலாம், கிளினிக்கைத் தவறவிடாவிட்டால்

கையை ஊன்றி விழுகின்ற ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பெரும்பாலும் முறிவது, முன்கையில் பெருவிரல் பக்கமுள்ள ஆரை என்பின் மணிக்கட்டை அண்டிய முனையாகும். கை முள்ளுக்கரண்டியின் வளைவில் தோற்றமளிக்கும் இம்முறிவை 1814 இல் அயர்லாந்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஏபிரகாம் கொலிஸ் விவரித்ததால், இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் இலங்கையில் ஊரடங்குச் சட்டம் வந்தபோதும் கிணற்றடிகளில் வழுக்கி விழுவது நிற்கவில்லை. ஆனால் முழு மயக்கம் கொடுத்துச் சுவாசக் குழாய் செலுத்துவது நோயாளிக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்பவர்களுக்கும் தொற்று அபாயத்தைக் கூட்டியது. அவ்வாண்டில் பிரித்தானிய என்பியல் சங்கமும், மணிக்கட்டு உட்படக் கையில் ஏற்படும் பெரும்பாலான முறிவுகளைச் சத்திரசிகிச்சையின்றிக் கையாளலாம் என்றும், சிலருக்குப் பின்னர் திருத்தம் தேவைப்படலாம் என்றும் வழிகாட்டியது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோரில் ஓராண்டு முடிவில் சத்திரசிகிச்சை செய்து தகடு பொருத்தியவருக்கும் பிளாஸ்டர் போட்டவருக்கும் கையின் பயன்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அதற்கு முன்பே ஆய்வுகளில் தெரிந்திருந்தது. மணிக்கட்டு சற்றுக் கோணலாகத் தோன்றலாம். ஆனாலும் தேங்காய் துருவவும் பிள்ளையைத் தூக்கவும் அந்தக் கை உதவும்.

முறிவை நேராக்குவதற்கு முழு மயக்கம் தேவையில்லை. முறிந்த இடத்தில் தேங்கிய இரத்தத்தினுள் விறைப்பு மருந்தைச் செலுத்திச் சில நிமிடங்கள் பொறுத்தால் வலி தணிந்துவிடும். உதவியாளர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள, விரல்களைப் பற்றிச் சீராக இழுத்து, பின்புறம் சரிந்த துண்டைப் பெருவிரலால் முன்னே தள்ளி, மணிக்கட்டைச் சற்றுக் கீழ்நோக்கி மடக்கிய நிலையில் ஈரப் பிளாஸ்டரை வைத்து, அது சூடேறி இறுகும்வரை உள்ளங்கையால் அழுத்தி வடிவமைப்போம். இதற்கு முன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றியாக வேண்டும். வீங்கிய விரலில் மோதிரம் இறுகினால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

உண்மையில் சிகிச்சையின் வெற்றி அடுத்த இரண்டு வாரங்களில்தான் தீர்மானிக்கப்படுகின்றது. வீக்கம் வற்றியதும் பிளாஸ்டர் தளர்ந்து, நேராக்கிய துண்டு மீண்டும் சரியக்கூடும் என்பதால், முதல் வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம். அந்த நாட்களுக்குள் சரிவு தெரிந்தால் மீளத் திருத்தலாம். மூன்று வாரங்கள் கடந்தபின் என்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வர வேண்டியவர்கள், கொரோனாப் பயத்தால் இந்த இடைக்கிளினிக்கைத் தவிர்த்ததையே நான் மிகவும் கவலையோடு பார்த்தேன். பாரம்பரிய முறிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட நினைப்பவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: முதலில் எக்ஸ்ரே எடுங்கள், கட்டை இறுக்க விடாதீர்கள்.

விரல்கள் நீலமாவது, மரத்துப்போவது, தாங்க முடியாத வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கிளினிக் நாள்வரை காத்திராமல் நள்ளிரவானாலும் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து வரவேண்டும். தோல் கிழிந்த முறிவு, மூட்டுப் பரப்பு விலகிய முறிவு, நேராக்கிய பின்னும் மரப்பு நீங்காத கை ஆகியவற்றுக்குப் பெருந்தொற்றுக் காலத்திலும் சத்திரசிகிச்சை செய்தோம், செய்யவும் வேண்டும். கடும் உழைப்பாளியான இளைஞரின் முறிவையும் முதியவரின் அளவுகோலால் அளக்கக் கூடாது.

பிளாஸ்டர் பொதுவாக ஐந்து, ஆறு வாரங்கள் இருக்கும். அக்காலம் முழுவதும் கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி வைத்து, விரல்களை முழுதாக மடக்கி நீட்டி, தோளையும் முழங்கையையும் நாள்தோறும் பல தடவை அசைக்க வேண்டும். கையைக் கழுத்தில் தொங்கும் துணித் தொட்டிலில் போட்டுவிட்டு அசையாமல் இருப்பவருக்கு என்பு ஒட்டினாலும் விரல்கள் விறைத்துவிடும். பிளாஸ்டர் கழற்றும் நாளில், ஐம்பது வயதைக் கடந்த ஒவ்வொரு தாயும் என்பின் அடர்த்தி குறையும் என்புத் தேய்வுக்கான பரிசோதனையைப் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஏனெனில் இம்முறிவு ஏற்பட்டவர்களுக்குப் பின்னாளில் இடுப்பு என்பு முறியும் அபாயமும் கூடுதலாகும்.