மின்வெட்டா, மின்தடையா? கரண்ட் போனால் எதைச் சொல்வது

"கரண்ட் போட்டுது" என்று இலங்கையின் வன்னிப் பகுதியில், பரந்தனில் ஒருவர் சொன்னால் சென்னையில் இருந்து வந்தவருக்கு ஒரு கணம் குழம்பும். யார் போட்டது, எதைப் போட்டது என்று யோசிப்பார். வன்னிப் பேச்சில் போட்டுது என்றால் போய்விட்டது என்று அர்த்தம். போய்விட்டது, போயிட்டுது, போட்டுது என்று வாயில் தேய்ந்து வந்த வடிவம் அது. திரும்ப வந்தால் "வந்திட்டுது". வீட்டுக்குள் இந்த இரண்டு சொல்லே போதும். எழுத உட்காரும்போதுதான் மின்வெட்டு, மின்தடை, மின்துண்டிப்பு, மின்நிறுத்தம் என்று நாலு சொல்லையும் கைக்கு வந்தபடி போடுகிறோம். நாலும் ஒன்று இல்லை, அதைச் சொல்லத்தான் இது.

முதலில் மின். அது பழைய தமிழில் மின்னல். தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தில் மின், பின், பன், கன் என்ற நாலு சொல்லும் புணரும்போது தொழிற்பெயர் போல நடக்கும் என்று ஒரு விதியே இருக்கிறது, அவ்வளவு பழைய சொல். வானத்தில் பளிச்சிட்டதன் பெயரைக் கம்பிக்குள் ஓடுவதற்கும் வைத்துக்கொண்டோம். மின்சாரத்தில் உள்ள சாரம் வடசொல். கரண்ட் ஆங்கிலம், அதற்கும் பின்னால் லத்தீன், ஓடுவது என்று பொருள். பள்ளிக்கூடத்தில் மின்னோட்டம் என்று படித்தது அதைத்தான்.

மின்வெட்டு என்பது பவர் கட் என்பதைப் பார்த்து அமைத்த சொல்தான், சரி. ஆனால் வெட்டு என்ற சொல் எங்களுக்கு அந்நியம் இல்லை. கிணறு வெட்டு, வாய்க்கால் வெட்டு, நெல் அறுக்கும் அருவி வெட்டு. மாசி மாதம் கிளிநொச்சிப் பக்கம் "இண்டைக்கு வெட்டு இருக்கோ?" என்று கேட்டால் அது நெல்லாகவும் இருக்கலாம், கரண்டாகவும் இருக்கலாம். இந்த எல்லா வெட்டிலும் ஒரு ஆள் இருக்கிறார், தெரிந்து செய்கிறார். தடை அப்படி இல்லை. மரம் விழுந்தாலும் தடைதான், கம்பி அறுந்தாலும் தடைதான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். அது மின்தடை. அதில் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனதால் 10ஆம், 11ஆம் திகதிகளில் பகுதி பகுதியாக ஒன்றரை மணிநேரம் நிறுத்தினார்களே, அது மின்வெட்டு. ஒரே கிழமையில் இரண்டும் நடந்தும் இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதியவர்கள் பலர். எனக்கு அது பொறுக்கவில்லை. நேரம் குறித்துச் செய்த ஒன்றைத் தடை என்று எழுதினால் செய்தவர் சொல்லுக்குள் மறைந்துபோகிறார். இன்னொரு சிக்கலும் உண்டு, பௌதிகவியலில் தடை என்பது ஓமில் அளக்கும் வேறு விசயம்.

துண்டிப்பு என்பது பில் கட்டாதவருக்கு, சிவப்பு அறிவித்தல் வந்த பிறகு நடப்பது. கம்பி திருத்த முன்கூட்டியே சொல்லி நிறுத்துவதற்கு மின்நிறுத்தம் பொருந்தும். தமிழ்நாட்டு அறிவிப்புகளில் அப்படித்தான் வருகிறது.

இனி லோட் செடிங். உற்பத்தி தேவைக்குக் கீழே போனால் பெரிய மின்பிறப்பாக்கிகளின் சுழற்சி தளர்ந்து மீடிறன், அதாவது அலைவெண், 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கும், அப்படியே விட்டால் முழுத் தொகுதியும் விழுந்துவிடும் என்பதால் சில ஊர்களைக் கழற்றிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றுகிறார்கள். சேற்றில் புதைந்த வண்டியில் நாலு மூட்டையை இறக்குவது மாதிரி. பொறியியலாளருக்குச் சுமைக்குறைப்பு என்ற சொல் சரி. ஆனால் இறக்கப்பட்ட மூட்டையாக வீட்டில் இருப்பவருக்கு அது பொருந்தவில்லை, அவருக்குத் தெரியவேண்டியது தன் முறை எப்போது என்பது.

அந்த முறை என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் போதாத சிறுபோகப் பயிர்க்காலத்தில் முறை வைத்து வாய்க்காலில் விடுவது இரணைமடுக் குளத்தின் கீழ் விதைப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய சங்கதி இல்லை. கரண்டையும் அப்படித்தான் பங்கிட்டார்கள். 2022இல் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் நீர் இல்லை என்று ஆகி மார்ச் 31 அன்று 13 மணிநேரம் வரை நின்றதே, அப்போது ஊர்களுக்கு ஆங்கில எழுத்துகளால் குழுப் பெயர் வைத்து நேர அட்டவணை போட்டார்கள். அம்மா அதைக் கலண்டரில் பென்சிலால் எழுதுவா, பக்கத்தில் "முறை" என்று மட்டும். அதைப் பார்த்துத்தான் கிணற்று மோட்டரைப் போட்டுத் தாங்கி நிரப்புவதும், ஊறப்போட்ட உழுந்தை அரைப்பதும், போனைச் சார்ஜில் போடுவதும்.

சித்தியின் மிளகாய் அரைக்கும் மில்லில் ஒருநாள் குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முந்தியே நின்றுவிட்டது. இயந்திரத்தின் வாய்க்குள் பாதி அரைபட்ட செத்தல் மிளகாய். நிறைந்த வாயோடு மோட்டர் திரும்பக் கிளம்பாது, கையால் அள்ளித்தான் எடுக்கவேண்டும். முகத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு கண்ணால் நீர் வழிய அள்ளியபடி "முறைக்கு முந்திப் போட்டுது" என்றா சித்தி. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த சொல்.

ஆகவே அட்டவணை போட்டு நிறுத்துவதற்கு முறைவெட்டு என்று எழுதலாம் என்பது என் கருத்து. பேக்கரியை வெதுப்பகம் என்றும் மோட்டார் சைக்கிளை உந்துருளி என்றும் பலகையில் எழுதிப் பழகிய மண்ணுக்கு இது பெரிய பாரம் இல்லை.

போர்க்கால வன்னியில் இந்தச் சொற்கள் ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை, வெட்டுவதற்கு மின்சாரமே இல்லை. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து விளக்கு, செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி டைனமோவில் ஓடும் ரேடியோ. சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தி நடுவில் நிற்கும், அப்போதும் "போட்டுது" என்றுதான் சொன்னோம்.