ஒரு வி.ஏ.ஓ. தன் மகனுக்காகச் சேர்த்து வைத்த கட்டு

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்துகிறேன். வீட்டில் சம்பாதித்தவர் இறந்த பிறகு குடும்பம் அலைகிற அலைச்சலைத் தினமும் பார்க்கிறேன். இறந்தவரின் தாயை விட்டுவிட்டு வாங்கிய வாரிசுச் சான்று, கட்டிக்கொடுத்த மகளை மறைத்து எழுதிய மனு, ஆதாரில் ஒரு பெயரும் பணிப்பதிவேட்டில் வேறு பெயருமாக நிற்கிற மனைவி என்று வந்துகொண்டே இருக்கும். அண்மையில் காலமான ஓர் ஐயாவின் வீட்டில் மட்டும் எனக்கு வேலையே மிச்சமில்லை. அவர் செய்துவைத்ததைப் பலரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

1980 நவம்பரில் கர்ணம், மணியம் என்ற பழைய கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்ட பின்பு தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் அவர் ஒருவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஏற்காடு மலையில் கழிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் ஏறிக் கடந்து, அதற்கப்புறம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடக்க வேண்டிய ஊர்கள். ஊராட்சிப் பகுதிகளில் பிறப்பு இறப்பைப் பதிவு செய்பவர் வி.ஏ.ஓ.தான். 21 நாளுக்குள் சொல்லிவிட்டால் கட்டணமில்லாமல் பதிவாகிவிடும். மலைக்காரர்கள் அதற்காக இறங்கி வரமாட்டார்கள் என்று தெரிந்து, சாவு வீட்டுக்கு இவரே போவார். "வாயில சொல்ற பேர எழுதக் கூடாதுங்க, வக்கீலம்மா. கார்டைப் பாத்துத்தான் எழுதோணும். அன்னைக்கு ஒரு எழுத்து மாறுனா அந்தப் பொம்பளை பத்து வருஷம் நடப்பா" என்பார். அவர் பதிந்த இறப்புச் சான்றுகளை வழக்குகளில் பார்த்திருக்கிறேன். தலைப்பெழுத்துகூடத் தவறியதில்லை.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனுக்குப் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. வேலை முடிந்து எந்நேரமானாலும் மலையிறங்கி அம்மாபேட்டை வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பா ஊட்டாமல் பிள்ளை சாப்பிட மாட்டான்.

பையனுக்கு 18 முடிகிற நேரத்தில்தான் முதன்முதலில் என்னிடம் வந்தார். பெற்றோர் சாகும்வரை தாங்களே பாதுகாவலர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டப்படி அது 18 வயதோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அவன் பெயரிலுள்ள வைப்புத்தொகையை எடுக்கவோ சொத்தில் கையெழுத்திடவோ போனால், பாதுகாவலர் சான்று கேட்பார்கள். இதற்கு நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள். ஐயாவும் அம்மாவும் சேர்ந்து பாதுகாவலரானார்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்கிற வேலை இது. இவர் ஜமாபந்திக்கு, அதாவது வருடாந்திர கிராமக் கணக்குத் தணிக்கைக்கு, கணக்கு எழுதுகிற அதே சிரத்தையோடு செய்தார்.

அடுத்தது ஓய்வூதியம். நான் பார்க்கிற அரசு ஊழியர் குடும்பங்களில் அதிகம் தெரியாத செய்தி இதுதான். அரசு ஊழியருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும்; பழைய ஓய்வூதியத் திட்டத்தில் அதன் வழக்கமான அளவு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். மனைவியும் போன பிறகு, 25 வயது தாண்டிய மகனுக்குப் பொதுவாகக் கிடையாது. ஆனால் சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்க உண்டு, பாதுகாவலர் வழியாக. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் சதவீதம் போட்டிருப்பது மட்டும் இதற்குப் போதாது. "சொந்தமாகச் சம்பாதித்து வாழ இயலாதவர்" என்று மருத்துவச் சான்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐயா இந்த வரி உள்ள சான்றைத் தன் பணிக்காலத்திலேயே வாங்கி, ஓய்வூதிய விண்ணப்பத்தின் குடும்ப விவரத்தில் மகன் பெயரையும் குறைபாட்டையும் எழுதிக் கொடுத்திருந்தார். தந்தை உயிரோடு இருக்கும்போது ஒரு நடையில் முடிகிற இந்தக் காரியத்துக்காக, தாயும் தந்தையும் போன பின்பு அண்ணன் தம்பிகள் வருடக்கணக்கில் கடிதம் எழுதுவதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

சொத்து விஷயம் சுருக்கமாக. உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோரும் சமம். (ஏற்காடு போன்ற மலைகளில் வாழும் மலையாளி என்ற பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் 2(2) பிரிவின்படி அப்படியே பொருந்தாது, அவர்கள் தனியாக ஆலோசனை கேட்பது நல்லது.) வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர்தான், உரிமையாளர் அல்ல. உயிலுக்கு இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் ஐயா பதிந்துவிட்டார்.

காரியம் முடிந்த பிறகு அம்மா ஒரு கட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். தாலுகா ஆபீஸ் கோப்புபோல ஓரத்தில் துளையிட்டு நாடா கோத்து, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருந்தது. முதல் தாளில் பொருளடக்கம். ஓய்வூதிய ஆணை எண், அம்மாவின் பெயர் ஒரே மாதிரி இருக்கிற நகல்கள், ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியின் 50,000 ரூபாய்க்கான நியமனம். இன்னொரு தாளில் சிவப்பு மையில், "நான் போன அன்றே கருவூலத்துக்குச் சொல்லவும். ஏ.டி.எம். கார்டைத் தொடாதே." ஓய்வூதியம் இறந்த நாள் வரைக்கும்தான். அதற்குமேல் வரவானதை எடுத்துச் செலவழித்தால் பின்னால் பிடித்தம் செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். மகள், அம்மாவுக்குப் பின் அண்ணனைப் பார்த்துக்கொள்வதாக எழுதிய சம்மதக் கடிதமும் இருந்தது.

கடைசிப் பக்கங்களை எந்த அலுவலகமும் கேட்காது. "வெந்நீர்தான் ஊத்தோணும். இட்லியை மூணாப் பிட்டுக் குடுக்கோணும், முழுசாக் குடுத்தா தொண்டையில அடைக்கும். இடி இடிச்சா கையைப் பிடிச்சுக்கோணும். பஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவான், கேட்டைப் பூட்டோணும். மாத்திரை ராத்திரி எட்டுக்கு, சோத்துக்குப் பின்னால." படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு குறிப்பை ஒவ்வொரு பெற்றோரும் எழுதிவைக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களிடம் இப்போது வற்புறுத்துகிறேன். புதிதாகப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்குச் சட்டச் சான்றைவிட இதுவே முதல் நாளில் தேவைப்படும்.

இறப்புப் பதிவு, கருவூலத் தகவல், குடும்ப ஓய்வூதிய மனு எதிலும் திரும்பி வந்த தாள் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு ஓய்வூதியம் வரத் தொடங்கிவிட்டது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளைக்கு 17 வயது நடக்கிறதென்றால், முதலில் மருத்துவச் சான்றை எடுத்து அந்த ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மருத்துவக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். 18 முடிந்ததும் பாதுகாவலர் மனுவைக் கொடுத்துவிடுங்கள். ஓய்வு பெற்றுவிட்டவர்கள், குடும்ப விவரத்தில் பிள்ளை பெயர் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே கருவூலத்தில் கேளுங்கள்.