ஹோஸ்டில் என்டிபி ஓடினால் மட்டும் விஎம் நேரம் சரியாகிவிடாது

இந்த மாதமும் அதே புகார். ஒரு நிறுவனத்தில் ராத்திரி ஸ்டோரேஜ் பராமரிப்புக்காக விஎம்களை (ஹோஸ்ட் எனப்படும் ஒரு சர்வருக்குள் ஓடுகிற மெய்நிகர் கணினிகளை) சஸ்பெண்ட் செய்து, வேலை முடிந்ததும் ரெஸ்யூம் செய்திருக்கிறார்கள். காலையில் ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை. பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தார்கள், சர்வரை மறுபடி டொமைனில் சேர்க்க முயன்றார்கள். நான் போய் விஎம்மில் 'டேட்' என்று அடித்தேன். கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், கடிகார வித்தியாசத்தை வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் பொறுக்காது.

விஎம்மில் க்ரோனி (நெட்வொர்க் வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி முறைக்கான மென்பொருள்) ஏன் ஓடவில்லை என்று கேட்டால், எங்கும் வரும் அதே பதில்: "ஹோஸ்ட்ல என்டிபி இருக்கே சார், விஎம்முக்குத் தானா வந்துடுமே."

வராது. பூட் ஆகும்போது விஎம் ஹோஸ்டிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். அதன்பிறகு கணக்கை அதுவே ஓட்டும். சஸ்பெண்ட் செய்தால் அந்தக் கணக்கு நின்றுவிடும்; எழுப்பினால் நின்ற இடத்திலிருந்தே எண்ணும். ஹோஸ்டில் என்டிபி செய்கிற நுண்ணிய திருத்தங்களும் உள்ளே வந்து சேரும் என்று நம்ப முடியாது. ஹோஸ்டோடு அணுக் கடிகாரத்தையே இணைத்தாலும் இதுதான் நிலை. விஎம்முக்குள்ளும் க்ரோனி மாதிரி ஒரு ஆள் வேண்டும்.

லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம் என்றால் லினக்ஸ் 4.11 முதல், அதாவது 2017 முதல், பிடிபி_கேவிஎம் மாட்யூல் இருக்கிறது. அதை விஎம்மில் லோட் செய்து, வருகிற பிடிபி கடிகாரச் சாதனத்தை க்ரோனியில் ரெஃப்க்ளாக்காக, அதாவது நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆதாரமாக, கொடுங்கள். நெட்வொர்க்கைத் தொடாமலே ஹோஸ்ட் நேரத்தை மைக்ரோசெகண்ட் அளவில் பிடித்துவிடும். கூடவே க்ரோனியின் கான்ஃபிக் கோப்பில் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரியைப் பாருங்கள். முதல் மூன்று அப்டேட்டில் மட்டும்தான் அது நேரத்தைத் தாவ விடும். அப்புறம் வருகிற ஏழு நிமிட வித்தியாசத்தை மெல்ல இழுத்துச் சரிசெய்யக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரமாகும். அடிக்கடி சஸ்பெண்ட் ஆகிற விஎம்மில் அந்த 3-ஐ -1 ஆக்குங்கள். டேட்டாபேஸ் ஓடுகிற இடத்தில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். நேரம் பின்னால் தாவினால் பதிவுகளின் வரிசை குழம்பும்.

விஎம்வேரில், விஎம்முக்குள் ஓடும் அதன் துணை மென்பொருளான டூல்ஸையும் க்ரோனியையும் ஒரே கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்க விடாதீர்கள். டூல்ஸின் தொடர் சிங்க்கை அணைத்துவிட்டோம் என்று இருந்துவிடவும் வேண்டாம். ஸ்னாப்ஷாட், ரெஸ்யூம், விமோஷன் (ஓடுகிற விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) சமயங்களில் டூல்ஸ் ஒருமுறை ஹோஸ்ட் நேரத்தை உள்ளே தள்ளும். ஹோஸ்ட் தப்பு என்றால் விஎம்மும் தப்பு.

இந்தியாவில் இது சட்டத் தேவையும்கூட. என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) என்டிபி சர்வர்களோடு, இல்லையென்றால் அவற்றிலிருந்து நேரம் பெறுகிற சர்வர்களோடு கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்றே உத்தரவிட்டுவிட்டது. தயவுசெய்து எல்லா ஹோஸ்டுக்கும் ஒரே சர்வர்களைக் கொடுங்கள். லைவ் மைக்ரேஷனில் விஎம் எதில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. ஃபயர்வாலில் என்டிபிக்கான போர்ட் யுடிபி 123 திறந்திருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.