ரீமிக்ஸைக் கேட்டுவிட்டு என்ன சொல்ல வேண்டும்?

சேலத்தில் விடுதி அறையிலும் வீட்டு மாடியிலும் ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், எஃப்எல் ஸ்டுடியோ என்னும் இசைச் செயலி என்று வைத்துக்கொண்டு பழைய பாட்டுகளை ரீமிக்ஸ் செய்யும் பிள்ளைகள் நிறையப் பேர். முடித்த கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, கேட்டுட்டுச் சொல்லுங்க" என்கிறார்கள். போகும் பதில் பெரும்பாலும் "செம மாஸ் தம்பி", இல்லையென்றால் "நல்ல பாட்டைக் கெடுத்துட்டியேப்பா". இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மறுநாள் அந்தப் பையனால் ஒரு ட்ராக்கைக்கூடத் திருத்த முடியாது. முதல் பதில் அவனை இருந்த இடத்திலேயே உட்கார வைத்துவிடும். இரண்டாவது, திறமையுள்ள பலரை இந்தப் பக்கமே வராமல் செய்துவிடும். பயன்படும் கருத்தில் எந்த நிமிடம், எந்த விநாடி என்பது இருக்கும். அங்கே காதில் என்ன விழுந்தது என்பது இருக்கும். எதில் கேட்டீர்கள் என்பதும் இருக்கும். காரணம் தெரிந்தால் சேர்த்துச் சொல்லலாம். தெரியாவிட்டால் சொல்லாமலே விடலாம்.

கேட்பதற்கு முன் செய்தவரிடம் விசாரியுங்கள்: இது எதற்கு? கல்லூரி கல்ச்சுரல்ஸில் ஆடவா, 30 விநாடி ரீல்ஸுக்கா, கல்யாண வீட்டு டிஜேவுக்கா, காரில் போட்டுக் கேட்கவா? ஆடுவதற்குச் செய்ததில் "வரி சரியா கேக்கல" என்பது சிறு குறை. காரில் கேட்கச் செய்ததில் அதுவே பெருங்குறை. பாதி வேலையா, முடிந்த வேலையா என்பதும் தெரிய வேண்டும். கோப்பும் முக்கியம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்த வீடியோவைக் கேட்டு மிக்ஸை, அதாவது ஒலிகள் கலந்திருக்கும் விதத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். அதில் ஒலி மறுபடியும் சுருக்கப்பட்டிருக்கும். நான்கு நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் எம்பி3-யில் பத்து எம்பிக்குள் அடங்கும். சுருக்காத 24 பிட் வேவ் கோப்பு என்றால் 60 எம்பியைத் தாண்டும், டிரைவ் லிங்க் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சத்தம். ரீமிக்ஸைப் பற்றிய தீர்ப்புகள் தவறிப்போக இதைவிடப் பெரிய காரணம் இல்லை. ஒரே பாட்டை ஒன்றிரண்டு டெசிபெல் கூட்டி வைத்தால் காது அதைச் சத்தம் கூடியதாக எடுத்துக்கொள்வதில்லை, "பஞ்ச் இருக்கு" என்றே எடுத்துக்கொள்ளும். ஒலியின் உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டரை அழுத்தி மைனஸ் 7 எல்யுஎஃப்எஸ் (ஒட்டுமொத்தச் சத்தத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) வரை ஏற்றிய ரீமிக்ஸ் ஒரிஜினலைவிடக் கெத்தாகத் தெரிவது இதனால்தான். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் அதைச் சுமார் மைனஸ் 14-க்கு இறக்கித்தான் ஒலிக்கவிடும். அந்த 7 டெசிபெல் போனபின் மிஞ்சுவது நசுங்கிய கிக் டிரம்மும் மூச்சு முட்டும் குரலும். ஆகவே ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒலித் திருத்தச் செயலியான ஆடாசிட்டியின் எஃபெக்ட் பட்டியலில் லவுட்னஸ் நார்மலைசேஷன் இருக்கிறது. ஒரிஜினல், ரீமிக்ஸ் இரண்டுக்கும் மைனஸ் 18 கொடுத்துக் கேளுங்கள். அப்போதும் ரீமிக்ஸ் எடுப்பாக இருந்தால் தாராளமாகப் பாராட்டலாம்.

முதல் முறை நிறுத்தாமல் முழுதாகக் கேளுங்கள், பேனா வேண்டாம். எந்த இடத்தில் கவனம் சிதறியது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். இரண்டாம் முறை நேரம் குறித்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் முறை போன் ஸ்பீக்கரில். அதற்குள் காது பழகிவிடும், பிழை பிழையாகத் தெரியாது. மேலும் கேட்பதானால் மறுநாள் கேட்பதே நல்லது.

குறித்ததைச் சொல்லும்போது தாளம் முதலில், பிறகு ஸ்ருதி, பிறகு குரல். பேஸும் டிரெபிளும் கடைசி. தாளத்தைத் திருத்தினால் மிக்ஸே மாறிவிடும். அதற்கு முன் சொன்ன ஈக்யூ (பேஸ், டிரெபிளைக் கூட்டிக் குறைப்பது) யோசனை வீண்.

தாளப் பிழையின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய பாட்டுகளில் வாத்தியக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள், வேகம் பிசகாமல் தட்டிக்காட்டும் கிளிக் ட்ராக் கிடையாது. சரணத்தில் காலப்பிரமாணம் கொஞ்சம் ஏறும், பல்லவிக்கு வரும்போது இறங்கும். ரீமிக்ஸ் செய்பவர் 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 தட்டு) என்று ஒரே எண்ணைப் போட்டு பீட்டை விரிக்கிறார். பாட்டு அந்த இடத்தில் 96.5-ல் போனால் ஒரு தட்டுக்கு 3 மில்லி விநாடிக்குச் சற்று மேல் விலகும். பத்துத் தட்டில் கிக்கும் பழைய மிருதங்கமோ தபலாவோ இரட்டைத் தட்டாகக் கேட்கத் தொடங்கும். 16 பார் (பாருக்கு நான்கு தட்டு) போனால் விலகல் 200 மில்லி விநாடி, அதாவது தட்டில் மூன்றில் ஒரு பங்கு. "பீட் செட் ஆகல" என்று சொல்வதற்குப் பதில், "0:40 வரை சேர்ந்திருக்கு, 0:52-ல குரல் முன்னால ஓடுது" என்று சொன்னால் போதும். நான்கு பாருக்கு ஒரு வார்ப் மார்க்கர் (பாட்டைத் தட்டோடு பிணைக்கும் குறி) போட வேண்டும் என்பது அவருக்கே புரிந்துவிடும்.

இதைவிடக் கவனிக்கத் தவறும் பிழை நடை. பாட்டு திஸ்ர நடையில் இருக்கும், ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். அதன்மேல் நான்காகப் பிரியும் ஹவுஸ் லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் நடன இசைத் தாளத் துண்டை) வைத்தால் தட்டு சேர்ந்தே விழும், ஆனால் நடுவில் வரும் ஹைஹேட் சிம்பல் ஒவ்வொரு சொல்லையும் இடறும். கேட்பவருக்கு "ஏதோ இடிக்குது" என்று தோன்றும், எங்கே என்று தெரியாது. ஹைஹேட்டை மட்டும் மியூட் செய்து கேட்கச் சொல்லுங்கள். இடி நின்றால் கோளாறு நடையில்தான். கிரிட்டை (செயலியின் தாளக் கட்டங்களை) டிரிப்ளெட்டுக்கு, அதாவது மும்மூன்றாகப் பிரியும்படி, மாற்றி அடிக்க வேண்டும். பம்பை, உருமி லூப்புகளை இழுத்துப் பொருத்துவதிலும் இதே கவனம் தேவை. 15 சதவீதத்துக்கு மேல் வேகத்தை மாற்றினால் குச்சி விழும் முதல் அடி மழுங்கிவிடும்.

ஸ்ருதிக்கு வருவோம். பழைய டேப்பும் இசைத்தட்டும் சரியான வேகத்தில் டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டிருக்கும் என்று நம்பமுடியாது. குரல் 30 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் முப்பது பங்கு) மேலே இருந்தால், அதாவது 440 இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 448 ஹெர்ட்ஸ் இருந்தால், கீபோர்டு எந்த கார்டைப் பிடித்தாலும் புளிக்கும். குரலை இழுத்துக் கீபோர்டுக்குக் கொண்டுவராதீர்கள். கீபோர்டின் மாஸ்டர் டியூனை 30 சென்ட் ஏற்றினால் குரல் பழுதில்லாமல் தப்பிக்கும். இன்னொரு மோதல் கார்டில் வரும். பாட்டு சாதாரண காந்தாரத்தில் போகும்போது கீழே மேஜர் கார்டு பிடித்தால் அதில் அதைவிட உயர்ந்த அந்தர காந்தாரம் நிற்கும். அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் உரசும். காந்தாரத்தில் கமகம் அசையும் வரிகளில் மைனர் கார்டுகூட உறுத்தலாம். அங்கே ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடித்தால் போதும். ஸ்ருதியைத் திருத்தும் ஆட்டோடியூனை வேகமாக வைத்துக் கமகத்தைப் படிக்கட்டாக்கிவிட்டிருந்தால், அதை அன்போடு ஆனால் ஒளிக்காமல் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பாட்டின் உயிர் அங்கேதான் இருந்தது.

பிரித்தெடுத்த குரலில் வரும் குறைகள் வேறு வகை. 1935-ல் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் தொடங்கிய படநிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய பாட்டுகளை நம்மூர்ப் பிள்ளைகள் ஆசையாக எடுக்கிறார்கள். அக்காலப் பதிவு மோனோ. இடது, வலது சேனலைக் கழித்துக் குரலைப் பிரிக்கும் பழைய கரோக்கி வித்தை அதில் பலிக்காது, இரண்டும் ஒன்றே. ஏஐ செயலிதான் வழி. அது குரலோடு ஒட்டி வாசிக்கும் வயலினையும் குழலையும் சேர்த்து எடுத்துவிடும். சொல் முடியும் இடத்தில் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல ஒரு நெளிவு விடும். இந்த நெளிவு இருக்கும் விநாடிகளைக் குறித்துக் கொடுங்கள். அங்கே நீண்டு நிற்கும் பேட் ஒலியோ ரிதமோ வைத்து மறைக்கலாம், இல்லை அந்த வரியையே விடலாம். நெளிவின்மேல் டிரெபிளை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்வது. அது குறையை இன்னும் துலக்கிக் காட்டும்.

"பேஸ் இல்ல" என்று யாராவது சொன்னால் முதலில் எதில் கேட்டார் என்று தெரிய வேண்டும். போன் ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. 50 ஹெர்ட்ஸ் பேஸ் அதில் காணாமல் போவது மிக்ஸின் குற்றமல்ல. லேசாக சாச்சுரேஷன் (சிறு ஒலிச் சிதைவு) கொடுத்து மேல் ஒத்திசைகளைக் கிளப்பினால் போனிலும் பேஸ் இருப்பதாகக் காது ஏற்கும். தனியார் பஸ்ஸில் என்ஜின் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளை மூடிவிடும். ஏற்காட்டில் இரவு அமைதியில் மெல்ல வைத்துக் கேட்பவருக்கும் பேஸ் குறைவாகத்தான் தெரியும்: மெல்லிய ஒலியில் காது தாழ்ந்த சுருதிகளை இழக்கும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். கோயில் மைக் செட் குழாய் ஸ்பீக்கரிலும் ஒற்றை ப்ளூடூத் பெட்டியிலும் ஒலி மோனோ ஆகும். ஸ்டீரியோ அகலப்படுத்தும் ப்ளகினை அதிகம் போட்டிருந்தால் சின்த் (மின்னணு வாத்திய) ஒலி அங்கே பாதி மறைந்துவிடும். மோனோ பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கருத்தை வாங்குபவருக்கு. கேட்பவர் வாய் திறக்கும் முன் "அது வேணும்னேதான் பண்ணேன்" என்று விளக்காதீர்கள். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். "எந்த இடத்துல போர் அடிச்சது?" என்று கேளுங்கள். சந்தேகமான விநாடியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் காது அங்கேயே நிற்கும். முதல்முறை கேட்டு முடிந்தபின் சொல்லுங்கள். அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடும் அத்தை ஒருவர், தாள வாத்தியம் வாசிப்பவர் ஒருவர், எதுவும் தெரியாமல் ரசிப்பவர் ஒருவர் என்று வேறு வேறு காதுகளைத் தேடுங்கள். இருவர் தனித்தனியே ஒரே விநாடியைச் சொன்னால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது.

குறையை நம்புங்கள், மருந்தை அப்படியே நம்ப வேண்டாம். "குரல் சத்தம் பத்தல, ஏத்து" என்பார்கள். 3 டெசிபெல் ஏற்றினால் பீட் அமுங்கிவிடும், பிறகு பீட்டை ஏற்றுவீர்கள், கடைசியில் மொத்த ஒலியளவைக் காட்டும் மாஸ்டர் சிவப்பில் போய் கிளிப் ஆகும், அதாவது ஒலி உடையும். அநேகமாகக் குரலை மூடியிருப்பது 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை பரவி நிற்கும் சின்த் பேட். அதை அங்கே 3 டெசிபெல் குறைத்தால் குரலைத் தொடாமலே வரி தெளியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

வலையேற்றும் முன் ஒன்று. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 31சி பிரிவு, மூலப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்தபின் புதிதாகப் பாடிப் பதிவு செய்யும் கவர் பாட்டுகளுக்கு, உரிமத்தொகை கட்டி, வழி தருகிறது. மூலக் குரலையே எடுத்தால் அது பொருந்தாது. ஒலிப்பதிவு உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டில் முடிந்தாலும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நிற்கும்.

திருத்தியதைப் புதுப் பெயரில் சேமியுங்கள், பழையதை அழிக்காதீர்கள். கருத்துச் சொன்னவருக்கே அதைத் திருப்பி அனுப்பி, "0:52, 1:12 ரெண்டும் மாத்தியிருக்கேன், 2:05 அப்படியே விட்டிருக்கேன், ஏன்னா அங்க கிக் நிக்கணும்" என்று எழுதுங்கள். அடுத்த பாட்டையும் அவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்பார்.